கிரெனேடாவை நான் வதம் செய்த கதை

ஒரு நாட்டை மேடையில் வைத்துக் கொன்றவன் நான். படையும் இல்லை, பீரங்கியும் இல்லை. கையில் ஒரு மைக், இடுப்பில் ஓர் அட்டைக் கத்தி, எதிரில் மடக்கு நாற்காலிகளில் நூற்றுச் சொச்சம் பேர். கொன்று முடித்ததும் கூட்டம் கைதட்டியது. நான் குனிந்து வணக்கமும் போட்டேன். இப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வணக்கம் நினைவுக்கு வந்தால், பஸ்ஸில் தனியாகப் போகும்போதுகூட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

அப்போது பர்மாவில், துறைமுகத்தை ஒட்டிய லான்மடாப் பேட்டையில் எனக்கு ஒரு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, பர்மாக்காரர் வீட்டுப் பிள்ளைகளை மடத்துக்கு அழைத்துப் போகும் ஊர்வலம், எதற்கும் என் ஸ்பீக்கர்தான் போகும். ஸ்பீக்கரோடு நானும் போவேன். அவர்கள் கேட்டது ஸ்பீக்கரை மட்டும்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. மைக்கைச் சோதிக்கிறேன் என்று 'ஹலோ, ஹலோ'வில் ஆரம்பித்துக் கவிதைக்குப் போய்விடுவேன். (மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருந்த கல்யாணமும் உண்டு.) எங்கள் தெருச் சங்கத்தில் பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் போடுவதும் நான்தான். எழுத்து, இயக்கம், கதாநாயகன், ஒலியமைப்பு எல்லாம் ஒரே ஆள்.

எங்கள் சங்கத்து நாடகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீற முடியாது. கதை எதுவானாலும் கடைசியில் ஓர் அரக்கன் சாக வேண்டும். அரக்கன் சாகாமல் சாப்பாட்டுப் பந்தி போட மாட்டார்கள். ஒரு வருஷம் கொசு ஒழிப்பு நாடகம் போட்டோம். கொசு அரக்கன் செத்தான். இன்னொரு வருஷம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று போட்டோம். சோம்பேறி அரக்கன் செத்தான். செத்தவர் எல்லா வருஷமும் ஒரே ஆள்தான், பக்கத்துக் குடைக்கடை காதர் பாய். ஆறடி உயரம், அண்டா போல வயிறு, இடி போல குரல். "மேடையில சாமி கும்புடச் சொல்லாதே தம்பி, அது நமக்கு ஆகாது. சாகறதுக்கு ஒரு தடையும் இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவரைப் போல ரசித்துச் சாகிறவரை நான் பார்த்ததில்லை.

சரி, என் அண்ணனுக்கு வருகிறேன். அண்ணன் முருகேசன் என்னைவிட நாலு வயது மூத்தவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் ஊரில் மாலுமிப் படிப்பு முடித்துக் கப்பலில் போனவன், ஒன்பது வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா இறந்தபோது அவன் அட்லாண்டிக் நடுவில் இருந்தான். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். மறுநாள் போன் கிடைத்தபோது அவன் அழுகை மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகு ஆற்றங்கரைப் பக்கம் ஊதல் கேட்டால் அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "அவன் கப்பலா இருக்குமோ?" என்பாள். அது அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகிற படகு. தினமும் இருபது தடவை ஊதும். தினமும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போய், "ஆமாம்மா, அவன்தான், வந்துகிட்டே இருக்கான்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஒருநாள் நிஜமாகவே போன் வந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டானாம். மூன்று வாரத்துக்கு மனைவியோடு வருகிறானாம்.

"பொண்ணு எந்த ஊருடா?" என்றாள் அம்மா.

"கிரெனேடாம்மா. வெஸ்ட் இண்டீஸ்."

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "இண்டியாவுக்கு மேக்கால பக்கமாம்டா. பம்பாய்ப் பொண்ணு போல இருக்கு. சப்பாத்திக்கு மாவு வாங்கி வை" என்றாள்.

வந்தவள் பம்பாய்ப் பெண் இல்லை. மெர்லின் அண்ணி என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். சிரித்தால் வயிற்றிலிருந்து சிரிப்பாள், கீழ் மாடியில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஊரில் மினிபஸ் ஓட்டுகிறாள். அண்ணனின் கப்பல் எஞ்சின் பழுதாகி அந்தத் தீவில் பத்து நாள் நின்றபோது, எங்கே போவதென்று தெரியாமல் அவளுடைய பஸ்ஸிலேயே ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தானாம். பத்தாம் நாள் அவளே கேட்டிருக்கிறாள், உனக்கு எங்கேதான் போகணும் என்று. இவன் அன்றைக்கும் கடைசி நிறுத்தத்துக்கே டிக்கெட் கேட்டிருக்கிறான். கல்யாணத்தில் முடிந்தது.

அம்மா இரண்டு நாள் அண்ணியிடம் பேசப் பயந்தாள். மூன்றாம் நாள் காலையில், பர்மாப் பெண்கள் சந்தனம் போலப் பூசிக்கொள்ளும் தனகாக் கட்டையை அரைத்து அண்ணியின் கன்னத்தில் வட்டமாகப் பூசிவிட்டாள். அண்ணி பதிலுக்குத் தன் பெட்டியிலிருந்து ஜாதிக்காயை எடுத்து அம்மாவின் தேநீரில் துருவிப் போட்டாள். அந்த நாட்டுத் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் ஜாதிக்காய் என்றால் வயிற்றுவலிக்கு உரைத்துக் கொடுப்பது, ஒரு வருஷத்துக்கு ஒரு காய் போதும். அண்ணி தேநீரில் போட்டாள், கஞ்சியில் போட்டாள், காலையில் சாப்பிடும் மீன்குழம்புச் சேமியா மொஹிங்காவில்கூடப் போட்டாள். அம்மா அந்த வாரம் முழுக்கப் பகலில் தூங்கினாள். விழித்திருந்த நேரத்தில், "நல்ல பொண்ணுடா" என்றாள்.

நாலாவது நாள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே அண்ணன் அந்த விஷயத்தைச் சொன்னான்.

"தம்பி, இங்கேயே தொறமுகத்துல ஒரு வேலை இருக்குங்கறாங்க. மெர்லினுக்கு சரின்னா இருந்துடலாம்னு பாக்கறேன். அம்மாவுக்கும் வயசாவுது. ஆனா அவளை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. அவளாச் சொல்லணும். நீ சும்மா இரு, அது போதும்."

எனக்கு 'இருந்துடலாம்' என்கிற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. அதற்குப் பின்னால் அவன் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. ஒன்பது வருஷம் நான் தனியாக அந்த ஊதல் சத்தத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் இங்கேயே இருந்தால் போதும், அதற்காக எதையும் செய்வேன் என்று இருந்தது. எதையும் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாடகம்.

அண்ணியின் ஊரை மேடையில் காட்டி அவளைக் குளிர வைத்துவிட்டால் இந்த ஊரை விட்டு எங்கே போவாள்? ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் வரவேற்பு என்று அறிவித்தேன். நாடகம் இருப்பது ரகசியம். ரகசியம் என்பதால் அந்த ஊரைப் பற்றி அண்ணனிடமும் கேட்க முடியாது, அண்ணியிடமும் கேட்க முடியாது. ஆகவே யாரிடமும் கேட்கவில்லை. (ஒரு நாட்டைப் பற்றி நாடகம் எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி உண்டா?)

என் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீடியோ. அண்ணன் எப்போதோ அனுப்பியது. அந்த ஊர்த் திருவிழாவாம். தெரு நிறைய ஆட்கள், உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய், தலையில் மாட்டுக்கொம்பு, கையில் இரும்புச் சங்கிலி. அதைத் தரையில் இழுத்துக்கொண்டு ஆடிக்கொண்டே போனார்கள். இவர்களுக்கு 'ஜாப்' என்று பேர். இணையத்தில் தேடினேன். ஜாப் என்றால் பிசாசு என்று வந்தது. அடுத்த வரியைப் படிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. போனால் போகட்டும், எனக்கு அது போதும். கொம்பு, சங்கிலி, பிசாசு. கடல் நடுவே ஒரு தீவு, அதில் அரக்கர்கள், மாட்டிக்கொண்ட ஒரு பெண், கப்பல் ஏறிப் போய் அவளை மீட்டு வரும் என் அண்ணன். எழுத உட்கார்ந்தால் கதை தானாகவே ஓடியது.

பாட்டில்தான் ஒரு சின்னச் சிக்கல். ஊர்ப் பெயர். 'கிரெனேடா' என்று அண்ணன் சொல்வான். எனக்கு அது எதுகைக்கு வளையவில்லை. 'கிரனாடா' என்று வைத்துப் பார்த்தேன், வாடா, போடா, நாடா என்று வரிசையாக வந்து நின்றன. ஒத்திகையில் காதர் பாய்கூட, "தம்பி, அந்தப் புள்ள வேற மாதிரி சொல்லுதே" என்றார். "பாய், அவங்க பேச்சுல அப்படிச் சொல்லுவாங்க. இது கவிதை" என்றேன்.

படகுத்துறைப் பக்கம் போட்டாதாங்கில் கிடங்கு வைத்திருந்த நண்பனிடம் நிஜமான படகுச் சங்கிலி வாங்கினேன். கொம்பு சங்கத்து நாடகப் பெட்டியில் இருந்தது. தேங்காய் எண்ணெயில் அடுப்புக்கரி குழைத்தோம். பாய் தன் தோள்பட்டையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு, "பெரிசா வித்தியாசம் தெரியலியே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடம் நிரம்பியது. அண்ணிக்கு அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அண்ணன் பக்கத்தில். நான் மைக்கைப் பிடித்தேன்.

"கிரனாடா! கடற்கொள்ளையர் குடியிருந்த தீவு! வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கும்வரை மனித வாடையே இல்லாத காடு!"

இப்படிப் பத்து நிமிடம். எல்லாம் என் சொந்தச் சரக்கு. அண்ணன் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தான். அண்ணிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் ஏதோ கல் கடித்த மாதிரி அண்ணனைப் பார்த்தாள்; அவன் அவள் காதில் அரையும் குறையுமாக மொழிபெயர்த்தான். அவன் என்னைப் பார்த்துக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். ஒலி கொஞ்சம் கூட வேண்டுமாக்கும் என்று நான் கூட்டி வைத்தேன்.

அப்புறம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டோம். கூடத்தின் பின்கதவு வழியாகச் சங்கிலி தரையில் உரசுகிற சத்தம் வந்தது. காதர் பாய் உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு கிழிந்த லுங்கி, உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பு, தலையில் கொம்பு. நாற்காலிகளுக்கு நடுவே சங்கிலியை இழுத்துக்கொண்டு உறுமியபடி நடந்தார். பிள்ளைகள் அலறினார்கள்.

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன், எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது பயம் இல்லை. ஒரு கூவல். அப்படி ஒரு கூவலை எங்கள் கூடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. செருப்பை உதறினாள். பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். ஓடிப்போய்க் காதர் பாயின் தோளில் இரண்டு கையையும் வைத்து அந்த எண்ணெயை வழித்து, தனகா பூசிய தன் கன்னத்தில் அப்பிக்கொண்டாள். பிறகு கால் மாற்றிக் கால் வைத்து, முன்னால் இரண்டு அடி, பின்னால் ஓர் அடி என்று ஆட ஆரம்பித்தாள். அவள் ஊர்ப் பாட்டு ஏதோ அவள் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பாய் ஒரு கணம் திகைத்தார். கலைஞர் அல்லவா, அடுத்த கணம் அவரும் ஆடினார். எங்கள் மேளக்காரர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவள் கன்னத்திலும் அண்ணி ஒரு கை எண்ணெய் தடவிவிட்டாள். அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். அவள் அப்போது லான்மடாவில் இல்லை. மூன்று நிமிடம் இருக்கும்.

அந்த மூன்று நிமிடமும் நான் திரைக்குப் பின்னால் அட்டைக் கத்தியோடு நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் நாடகம் கெட்டுப் போகிறதே! இன்னும் ஒரு வசனம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் யாராவது என் காலைக் கட்டிப் போட்டிருந்தால் இன்றைக்கு என் அண்ணன் எங்கே இருப்பான் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். யாரும் கட்டவில்லை. பாய்ந்து வெளியே வந்தேன்.

"கிரனாடா அரக்கனே, வாடா! என் கத்திக்குப் பதில் சொல்லடா!"

காதர் பாய் ஆடிக்கொண்டே என் காதருகில் குனிந்து, "தம்பி, இப்ப வேணாம். நல்லாப் போயிட்டிருக்கு" என்றார்.

"பாய், வசனத்தச் சொல்லுங்க. செத்துடுங்க."

"ஒரு பாட்டு முடியட்டுமே."

"சாப்பாட்டுக்கு நேரமாவுது பாய்!"

பாவம், அவருக்குத் தொழில் பக்தி. பெருமூச்சு விட்டார். நான் வெட்டினேன். சுற்றிச் சுழன்று, சங்கிலியோடு தடாலென்று விழுந்து செத்தார். நான் அவர் வயிற்றில் ஒரு காலை வைத்து, மைக்கை வாய்க்கு நேரே பிடித்து, கிரனாடாவின் தீமை ஒழிந்தது, இனி இளவரசி எங்கள் ஊரில் நலமாய் வாழ்வாள் என்று முடித்தேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் அந்த வணக்கத்தைப் போட்டது அப்போதுதான்.

நிமிர்ந்தபோது அண்ணி என் எதிரில் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கன்னத்து எண்ணெய் கழுத்துவரை வழிந்திருந்தது.

"இவரை ஏன் கொன்றாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "இவன் கெட்டவன். கிரனாடாப் பேய். முடிந்தது."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். அண்ணி குனிந்து செத்துக் கிடந்தவரிடம் கையை நீட்டினாள். காதர் பாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "தம்பி, நான் எந்திரிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். என் கையில் இருந்த மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தி, அவரோடு விழுந்து கிடந்த சங்கிலியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். என் கையிலிருந்து யாராவது மைக்கை வாங்கியது அதுதான் முதல் தடவை.

"கிரெனேடா" என்றாள். மெதுவாக, நடுவில் நன்றாக இழுத்து. கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். எங்கள் ஜனங்களுக்குத் திருப்பிச் சொல்லுவது பழக்கம். "கிரெனேடா" என்றார்கள். மூன்று தடவை சொல்ல வைத்தாள். எல்லோருக்கும் சுலபமாக வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

பிறகு பேசினாள். அண்ணன் எழுந்து வந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

"எங்க தீவை எவனும் கண்டுபிடிக்கல. அங்க ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்க. வடக்கால ஒரு பாறை உச்சி இருக்கு. புடிபட மாட்டோம்னு அங்கேருந்து கடல்ல குதிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு எங்க ஆளுங்களைச் சங்கிலியில கட்டிக் கப்பல்ல கொண்டாந்தாங்க. கட்டிக் கொண்டாந்தவனே எங்களைப் பேய்னு சொன்னான். விடுதலை வந்தப்புறம் நாங்க என்ன பண்ணினோம்? பேய்தானே, பாத்துக்கோன்னு கொம்பு வெச்சோம். அதே சங்கிலியத் தெருவுல இழுத்துக்கிட்டு அவன் வீட்டு முன்னாலயே ஆடினோம். அதுதான் ஜாப். வருஷா வருஷம் எங்கப்பா ஆடுவார், நான் ஆடுவேன். ஜாபை யாரும் கொல்றதில்ல. ஜாப் சாவறதில்ல. ஆடிக்கிட்டே போயிட்டே இருப்பான்."

நின்றிருந்த கூட்டம் ஒவ்வொருவராக உட்கார்ந்தது. துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் கூலியாட்களாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும். கப்பல், கங்காணி, வெள்ளைக்காரன் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் காதர் பாய்தான் மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் நல்லவனா?"

அண்ணன் அதை மொழிபெயர்த்ததும் அண்ணி அவரைக் கட்டிக்கொண்டாள். பாய் அழுதுவிட்டார். பதினோரு வருஷமாக அரக்கனாகவே செத்தவர் அல்லவா! பந்தி போட்டார்கள். நான் சாப்பிடவில்லை, ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டியதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பால்கனிக்குக் கூப்பிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"போன வருஷம் மெட்ராஸ்லேருந்து ஒரு பேச்சாளர் வந்தாருன்னு போன்ல சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தப் பெரிய மனிதர் எங்கள் கூடத்தில் நின்று, லான்மடாவை 'லாந்தமாடு' என்று சொல்லி, "இந்த மண்ணில் ஒரு காலத்தில் தமிழர்கள் வாழ்ந்தார்கள்" என்று எங்கள் முகத்தைப் பார்த்தே கண் கலங்கினார். நாங்கள் எங்களுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தோம். நான் கொதித்துப்போய், "ஐயா, நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம்!" என்று மைக்கில் கத்திவிட்டு, அன்றைக்கு அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் புலம்பினேன்.

"அந்த ஆள் உன் ஊருப் பேரைத் தப்பாச் சொன்னாருன்னு ஒரு வாரம் சோறு எறங்கலேன்னியே. நீ இன்னிக்கு என்னடா பண்ணின? உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன் கிரெனேடான்னு?"

"எதுகைக்கு வரல அண்ணே."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ இங்கயே இருக்கணும்னுதாண்ணே பண்ணினேன்" என்றேன். அவன் என் தலையில் கையை வைத்து ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலையில் மொஹிங்கா வாங்கிக்கொண்டு போய் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் காரியமாக ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லிக் காட்டினேன். விடியற்காலையிலிருந்து குளியலறையில் பழகியது. அண்ணி நன்றாகச் சிரித்தாள். கோபம் இல்லையாம். அவள் சொன்னதை அண்ணன் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னான்.

"நீ கொன்னதை அவ மன்னிச்சிட்டா. அது இல்லடா விஷயம். இங்க வந்ததுலேருந்து அவ பழகிக்கப் பாத்தா. நல்லாத்தான் இருந்துது. இருந்துடலாம்னு நேத்துக் காலையில என்கிட்ட சொன்னா. அப்புறம் அந்தக் கதவுல காதர் பாய் சங்கிலியோட வந்து நின்னாரு பாரு, அப்பதான் அவளுக்கு ஊரு எவ்ளோ தூரம்னு தெரிஞ்சுதாம். அதுக்கப்புறம் முடியலேங்கறா."

நான் அந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். பெயரைத் தப்பாகச் சொன்னேன், வரலாற்றைத் தலைகீழாகச் சொன்னேன், அரக்கன் இல்லாதவனை அரக்கன் என்று சொல்லிக் கொன்றேன். அதையெல்லாம் அவள் ஒரு கிண்ணம் மொஹிங்காவோடு விட்டுவிட்டாள். நான் தெரியாத்தனமாகச் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று, அந்தக் கறுப்பு எண்ணெயும் சங்கிலியும். அதுதான் என் அண்ணனைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டது.

விமான நிலையத்தில் அம்மா அழவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கிரெனேடா, கிரெனேடா" என்று இரண்டு தடவை சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். மகன் போகிற இடத்தின் பெயரைத் தப்பில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று அண்ணன் சொன்ன வருஷங்களில் ஏதோ ஒன்று தடுத்தது. அப்புறம் பட்டாளம், ஊரடங்கு என்று எங்கள் ஊர் நிலைமை மாறிவிட்டது. "இப்ப வராதேடா" என்று அம்மாவே சொல்லும்படி ஆகிவிட்டது. நாங்கள் அங்கே போவதும் நடக்கிற காரியமாக இல்லை. எங்கள் கடிகாரத்துக்கும் அவர்களுடையதற்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். நான் அவனுக்குத் திங்கட்கிழமை காலையில் பேசினால், அவன் இன்னும் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறான்.

வீட்டில் அந்த நாடகம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்கு மைக்செட் வைத்தாலும், "செல்வத்தை நாடகம் போட விட்டுடாதீங்க, மாப்பிள்ளை ஊரை விட்டே போயிடுவாரு" என்று என்னைக் காட்டிச் சொல்வார்கள். என் மனைவி, பெண் பார்க்க என்னோடு வந்தவர்களிடம் நான் வாய் திறப்பதற்கு முன்பே இந்தக் கதையைக் கேட்டுவிட்டாளாம். கேட்ட பிறகும் சம்மதித்தாள் என்பதை நான் அடிக்கடி நினைவுபடுத்துவேன். அவளும், கேட்ட பிறகும் சம்மதித்ததை அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

ஆகஸ்ட் மாதம் அந்தத் திருவிழா வரும். அங்கே விடிந்தும் விடியாத நேரம், எங்களுக்கு மத்தியானத் தேநீர் நேரம். அண்ணி தெருவிலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். காதர் பாய் குடைக்கடையைச் சாத்திவிட்டு முன்கூட்டியே வந்து நாற்காலி பிடித்துக்கொள்வார். ஜாப் விஷயத்தில் இந்த நகரத்திலேயே அவர்தான் நிபுணர். "அந்தாளுக்குக் கொம்பு கோணலா இருக்கு, சொல்லு" என்பார். திரை நிறைய எண்ணெய் பூசிய ஆட்கள், சங்கிலிச் சத்தம், தாளம். அந்தக் கூட்டத்தில் ஒருவன் என் அண்ணன். எல்லோரும் ஒரே கறுப்பு, யார் யாரென்று எனக்கே தெரியாது.

அம்மா போனை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு தேடுவாள். வருஷா வருஷம் வேறு யாரையோ காட்டுவாள். போன ஆகஸ்டில் ஓர் ஒல்லியான ஆளின் மேல் விரலை வைத்து, "இளைச்சுட்டான்டா" என்றாள். அவன் எங்கள் அண்ணன் இல்லை, அண்ணன் இடப்பக்க ஓரத்தில் எங்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. அந்த ஒல்லி ஆள் ஆடிக்கொண்டே திரையை விட்டுப் போகும்வரை அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள்.

"எண்ணெயக் கழுவிட்டு வரச் சொல்லுடா. சோறு ஆறிடப் போவுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து அடுக்களைக்குப் போய், இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.